நாய்ச் சட்டம் பிறந்த ஊர்

தெருநாயைப் பிடிக்கலாம், கருத்தடை செய்யலாம், வெறிநோய்த் தடுப்பூசி போடலாம். ஆனால் பிடித்த தெருவிலேயே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். நாடு முழுக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் நடைமுறையில் இருக்கும் இந்த விதியை டெல்லியில் யாரோ எழுதி நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தாம்பரத்துக்குத் தெற்கே எந்த டீக்கடையில் பேச்செடுத்தாலும் இதுதான் வரும். உண்மையில் அது மெட்ராஸில் பிறந்தது. நம் மாநகராட்சி நூறு ஆண்டுகளுக்கு மேல் நாய்களைக் கொன்று பார்த்துக் களைத்துப்போன பிறகு பிறந்தது.

அதோடு கூடப்பிறந்த விதி இன்னொன்று உண்டு: வளர்ப்பு நாய்க்கு அதை வளர்ப்பவரே முழுப் பொறுப்பு, ஊசி, கருத்தடை, உரிமம் எல்லாம் அவர் தலையில். முதல் விதிக்காக நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறது. இரண்டாவதை ஏன் என்று கேட்க ஆளில்லாமல் விட்டுவிட்டோம். பொத்தேரி போல வேகமாக வளர்ந்த சென்னைப் புறநகர்களில் நாய்த்தொல்லை பெருகியதற்கு இந்த மறதி பெரிய காரணம் என்று உறுதியாக நினைக்கிறேன். ஆகவே இரண்டின் பிறப்பையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மெட்ராஸ் மாநகராட்சி 1688-ல் தொடங்கியது, இந்தியாவிலேயே பழையது. 1860 முதல் அது தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. அந்தக் காலத்து மனிதர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெறிநாய் கடித்தால் சாவு நிச்சயம், வைத்தியமே கிடையாது. லூயி பாஸ்டர் தம் தடுப்பூசியை முதன்முதலாக ஒரு சிறுவனுக்குப் போட்டதே 1885-ல்தான். அது இமயமலை அடிவாரக் கசௌலிக்கு வந்தது 1900-ல். தெற்கே இருப்பவர்களுக்கு அதுவும் எட்டாத தூரம். 1902-ல் லில்லி பேக்கன்ஹாம்-வால்ஷ் என்ற இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய் கடித்து இறந்துபோனாள். அந்தச் சாவு எழுப்பிய கவலையில் பணம் திரட்டி, அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸின் கொடையும் சேர, 1907-ல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. நம் பெரியவர்கள் பயத்தோடு சொல்வார்களே, தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று, அந்த ஊசியை உருவாக்கியவர் கசௌலியில் இருந்த டேவிட் செம்பிள். ஆட்டு மூளையிலிருந்து எடுத்துச் செய்த அந்த மருந்தை இந்தியா 2004 கடைசியில்தான் கைவிட்டது. மருந்து இப்படி இருந்த காலத்தில், நாயைக் கொல்வதுதான் ஊர் அறிந்த ஒரே தடுப்பு.

இனி மெட்ராஸின் பெரிய பெண்மணி ஒருவர் கதைக்குள் வருகிறார். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். பரதத்துக்காகப் போராடியவர் அங்கே போய் முதலில் கையிலெடுத்தது மிருகங்களை. விலங்குவதைத் தடுப்புக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே ஒரு சட்டம் கொண்டுவரும் என்று நேரு கேட்டுக்கொள்ள, அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962-ல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். வாரியத்தின் தலைமையகம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இருந்தது.

அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும். எவையெல்லாம் விலங்குவதை என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, எவையெல்லாம் வதை ஆகாது என்றும் சொல்கிறது. தெருநாய்களைக் கொலைக்கூடத்தில் அடைத்துக் கொல்வது இரண்டாவது பட்டியலில் இருக்கிறது. மிருகங்களுக்காக எழுதப்பட்ட சட்டமே தெருநாயைக் காப்பாற்றவில்லை. அன்று வேறு வழி யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வழி தேடியது இன்னொரு மெட்ராஸ் குடும்பம். கேப்டன் வி. சுந்தரம் விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அவரைச் சொல்வார்கள். 1959 மழைக்காலத்தில் தி. நகர்த் தெரு வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைச் சுந்தரம் வீட்டுக்கு எடுத்துவந்தார். ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு அந்த வீட்டிலிருந்து தொடங்கியது. அவர்களுடைய மகன் சின்னி கிருஷ்ணா பொறியாளர். 1964-ல் அவர் கேட்ட கேள்வி ஒரு பொறியாளரின் கேள்விதான். நூறு வருஷமாகக் கொல்கிறோம், நாய் குறைந்திருக்கிறதா? ரேபிஸ் குறைந்திருக்கிறதா? மாநகராட்சிக் கணக்கைப் பார்த்தால் இரண்டுக்கும் பதில் இல்லை என்பதுதான். கொல்லும் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது.

ஏன் அப்படி? இதைப் புரிந்துகொண்டால் இன்றைய விதி முழுவதும் புரிந்துவிடும். ஒரு தெருவில் எத்தனை நாய் இருக்கும் என்பதை அங்கே கொட்டிக் கிடக்கும் சோறும் குப்பையும்தான் முடிவு செய்கின்றன. அங்கிருந்த நாய்களைத் தூக்கிவிட்டால் சாப்பாடு அப்படியே கிடக்கும். அடுத்த தெரு நாய் வந்து உட்கார்ந்துகொள்ளும். மிஞ்சிய பெட்டை வருஷத்துக்கு இரண்டு ஈடு போடும், தீனி தாராளமாகக் கிடைப்பதால் குட்டிகளும் அதிகம் பிழைக்கும். கூடவே இன்னொன்றும் நடக்கும். நாய் பிடிக்க வரும் வண்டிக்காரர் கையில் சுலபமாகச் சிக்குவது மனிதரை நம்பி வாலாட்டிக்கொண்டு வரும் சாதுவான நாய். ஆளைக் கண்டால் ஓடும் நாய், பாயும் நாய் தப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் நல்லதைக் கழித்துப் பொல்லாததை மிச்சம் வைக்கும் வேலை அது.

அதனால் சின்னி கிருஷ்ணா சொன்ன யோசனை: பிடி, கருத்தடை செய், ஊசி போடு, அங்கேயே விடு. குட்டி போடாத, நோய் பரப்பாத நாய் தன் தெருவைத் தானே காவல் காக்கும், வெளி நாயை உள்ளே விடாது. ஆங்கிலத்தில் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாடு என்பதன் முதலெழுத்துகள் ஏ, பி, சி என்று அமைய, அரிச்சுவடி போல எளியது என்று காட்டுவதற்காகவே அந்தப் பெயரை வைத்ததாக அவர் பின்னாளில் சொன்னார். யோசனை எளியதுதான், ஆனால் மாநகராட்சி அதை ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்கிடையில் நடந்த ஒரு விஷயத்தை அவர் எழுதியிருக்கிறார். 1970-களின் நடுவில், கொல்லப்படும் நாய்கள் அத்தனை பெருகிவிட்டதால், அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாய்த் தோலில் கழுத்து டையும் பர்ஸும் வடிவமைத்துப் பார்த்ததாம். 1990-களின் நடுவில், அவர் தரும் கணக்குப்படி, நாள் ஒன்றுக்கு 135 நாய்கள் கொல்லப்பட்டன. தெருவில் நாய் மட்டும் குறையவில்லை.

1996-ல் மாநகராட்சி வழிமாறியது. கொல்வதை விட்டு, முதலில் தென் சென்னையில் கருத்தடைத் திட்டத்தை ஏற்றது, பிறகு நகர் முழுக்க. ஜெய்ப்பூரிலும் ஏறக்குறைய அதே காலத்தில் இதே முறை நடந்தது. 1996-ல் சென்னையில் ரேபிஸால் இறந்தவர்கள் நூறுக்கு மேல் என்றும், பத்தாண்டுகளில் அது ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது என்றும் ப்ளூ கிராஸ் கணக்கு சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் 1990-களின் தொடக்கத்திலேயே, நாயைக் கொல்வதால் ரேபிஸ் அடங்கியதற்குச் சான்றில்லை என்று சொல்லியிருந்தது. சென்னை அனுபவம் 2001 டிசம்பர் 24-ல் மத்திய அரசின் விதியாகவே வந்துவிட்டது. 2023 மார்ச்சில் அதற்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன. அடிப்படை மாறவில்லை. அறுவைக்குப் பின் நாலு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு அறுவை கூடாது, சோறு வைப்பதற்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் விவரம் கூடியது.

பொத்தேரி ரயில் நிலையத்துப் பக்கம் படுத்திருக்கும் நாய்களில் சிலவற்றுக்குக் காது நுனியில் ‘வி’ எழுத்துப் போல ஒரு வெட்டு தெரியும். சண்டையில் கிழிந்ததென்று நினைக்க வேண்டாம். மயக்கத்தில் இருக்கும்போது மருத்துவர் வைக்கும் அடையாளம் அது: இந்த நாய்க்கு ஆபரேஷன் ஆகிவிட்டது, மறுபடி பிடிக்க வேண்டாம் என்று அர்த்தம். பெட்டை நாயென்றால் விலாப் பக்கம் முடி மழித்து வளர்ந்த தடமும் சில வாரம் இருக்கும். தெருநாய்க்கு இப்படி உடம்பிலேயே ஒரு பதிவு இருக்கிறது. பக்கத்து வீட்டில் சங்கிலியில் கட்டியிருக்கும் லாப்ரடாருக்குத்தான் எந்தப் பதிவும் இல்லை.

இங்கேதான் கூடப்பிறந்த விதிக்கு வருகிறேன். 2001 விதிகளின் மூன்றாம் விதி, நாய்களை வளர்ப்பு நாய், தெருநாய் என்று இரண்டாகப் பிரித்தது. பிரித்த கையோடு, வளர்ப்பு நாயின் இனப்பெருக்கக் கட்டுப்பாடு, தடுப்பூசி, கருத்தடை, உரிமம் எல்லாம் அதை வளர்ப்பவர் பொறுப்பு என்றது. தெருநாய் பற்றிய பேச்சே அதற்குப் பிறகுதான். எழுதியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. தெருநாய் என்று ஒரு தனிச் சாதி வானத்திலிருந்து குதிப்பதில்லை. கேட்டுக்கு வெளியே காலையிலும் மாலையிலும் அவிழ்த்துவிடும் வீட்டு நாயும், வீடு மாறும்போது விட்டுவிட்டுப் போகும் நாயும், வேண்டாமென்று ஏரிக்கரையில் கோணியோடு வைத்துவிட்டுப் போகும் பெட்டைக் குட்டிகளும் சேர்ந்துதான் தெருநாய் ஆகின்றன. குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலையாகத்தான் கருத்தடை மட்டும் செய்வது முடியும்.

நாயை இப்படிப் பட்டினியில் தவிக்க விட்டுப் போவது 1960 சட்டப்படியே குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. 1960-ல் ஐம்பது ரூபாய் பெரிய காசு. இன்று தாம்பரத்திலிருந்து பொத்தேரிக்கு ஒரு ஆட்டோ அந்தக் காசுக்கு வராது. 2022-ல் தண்டனையைக் கூட்டும் ஒரு வரைவை மத்திய அரசு பொதுமக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அது சட்டமாகவில்லை.

விற்பவர்கள் பக்கம் விதி வர இன்னும் தாமதமானது. சட்ட ஆணையம் 2015-ல் கேட்ட பிறகு, 2017 மே மாதம் நாய் இனப்பெருக்க விதிகளும், 2018-ல் செல்லப்பிராணிக் கடை விதிகளும் வந்தன. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் நாய்க்குட்டி வளர்த்து விற்கக் கூடாது. கடையும் நடத்தக் கூடாது. பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. அடுத்தடுத்த பருவங்களில் சேர்க்கக் கூடாது. ஆயுளில் ஐந்து ஈட்டுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது.  

எட்டு வாரம் என்றால் ஐம்பத்தாறு நாள். நம் பக்கத்தில் குட்டி விற்பவர் யாரைக் கேட்டாலும் ‘நாப்பத்தஞ்சு நாள் ஆச்சு சார், தாராளமா எடுத்துக்கலாம்’ என்பார். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். பழைய இரும்பு, துணி, செடிக் கன்று எல்லாம் தாண்டிப் போனால் புறாவும் லவ் பேர்ட்ஸும் கோழியும் நாய்க்குட்டியும் இருக்கும். சாலை வெயிலில், அட்டைப்பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குட்டிகள் தூங்கும். பார்க்க மனம் இளகும், வாங்கிவிடத் தோன்றும். அந்தப் பதினோரு நாளில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி வடிந்து, ஊசியின் பலன் இன்னும் பிடிக்காத இடைவெளி அது. பார்வோ வந்து ரத்தமாகப் பேதி ஆகி, வாங்கிய வாரத்திலேயே குட்டி போய்ச் சேரும். பிழைத்தாலும், கூடப்பிறந்தவற்றோடு கடித்து விளையாடி எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று பழகும் வாரங்களை அது இழந்துவிடுகிறது. வளர்ந்த பிறகு ஒரு குழந்தையைக் கடித்தால் ‘நாய் திடீர்னு மாறிடுச்சு’ என்பார்கள்.

  

நகரத்துக்கு நாய் உரிமம் நினைவுக்கு வர ஒரு குழந்தையின் ரத்தம் தேவைப்பட்டது. 2024 மே மாதம், ஆயிரம்விளக்கு மாடல் ஸ்கூல் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. பூங்காவைப் பார்த்துக்கொள்பவரின் மகள். ஐம்பது ரூபாய் நாய் உரிமம் சென்னையில் அதற்கு முன்பே இருந்தது. எடுத்தவர்கள் சொற்பம். அதற்குப் பிறகுதான் மாநகராட்சி விரட்ட ஆரம்பித்தது. 2025 கடைசியில் மைக்ரோசிப் கட்டாயம் என்றார்கள், உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள், கடைசித் தேதியைச் சில தடவை தள்ளியும் வைத்தார்கள்.

மைக்ரோசிப் பற்றி வீண்பயம் வேண்டாம். அரிசி அளவு. இரண்டு தோளுக்கு நடுவே தோலுக்குக் கீழே ஊசியால் ஏற்றுவார்கள். அதில் பேட்டரி கிடையாது, நாய் எங்கே போகிறது என்று அது காட்டாது. ஸ்கேனரை முதுகருகே கொண்டுபோனால் பதினைந்து இலக்க எண் ஒன்று தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பெயரும் முகவரியும் இருக்கின்றன. ரோட்டில் விட்டுவிட்டுப் போன நாயைப் பார்த்து ‘இது யாருடையது’ என்று கேட்டால், முதல் தடவையாகப் பதில் சொல்லக்கூடிய ஏற்பாடு அது. சங்கிலியை அவிழ்க்கும் கை நிதானிக்க அது போதும்.

இதெல்லாம் சென்னை எல்லைக்குள் நடப்பவை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தெற்கே அதன் எல்லை பீர்க்கன்காரணையோடு முடிகிறது. அதைத் தாண்டினால் வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர். ஒரே சாலை, ஒரே ரயில்பாதை, ஒட்டிக்கொண்டே போகும் வீடுகள், உள்ளாட்சிகள்தான் வேறுவேறு. நகராட்சி, மாநகராட்சி, பேரூராட்சி அனைத்துக்கும் 2023 ஏப்ரல் 13 முதல் ஒரே சட்டமும் ஒரே விதிகளும் நடைமுறையில் இருக்கின்றன. நாய் விஷயத்தில் மத்திய விதிகளோ கிராமம் நகரம் என்று பார்ப்பதே இல்லை. ஆகவே பொத்தேரிக்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கவுன்ட்டரும் ஸ்கேனரும் கேட்க ஒரு ஆளும்தான் இல்லை.

பொத்தேரிக்கு இது ஏன் அவசரம் என்று சொல்கிறேன். இது வாடகைக்கு இருப்பவர்களின் ஊர். இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். ஊரை விட்டு வந்த தனிமைக்கு ஒரு குட்டி வாங்குகிறார்கள், அன்பாகவும் வளர்க்கிறார்கள். படிப்பு முடிந்து ஊருக்குப் போகும் நாளில் வீட்டுக்காரரும் கூட்டாளியும் பெற்றோரும் கைவிரிக்க, நாய் தெருவில் நிற்கிறது. பனிநாட்டு ஹஸ்கி சித்திரை வெயிலில் தெருவில் பிழைப்பது கடினம். நாட்டு நாய் பிழைத்துக்கொள்ளும், குட்டியும் போடும்.

இதோடு 2025 நவம்பர் 7-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவும் சேர்ந்திருக்கிறது. நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்ட் 11-ல் டெல்லி நாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது, ஆகஸ்ட் 22-ல் அதை மாற்றி ஊசியும் கருத்தடையும் முடிந்த நாயைப் பழைய இடத்திலேயே விடச் சொன்னது. நவம்பரில் கல்வி நிறுவனம், மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களைப் பிரித்து, அங்கே பிடித்த நாயைத் திரும்ப விடக் கூடாது என்றது. பொத்தேரியில் தண்டவாளத்துக்கு ஒரு பக்கம் கல்லூரி, ஆஸ்பத்திரி, பக்கத்திலேயே ரயில் நிலையம். உத்தரவு அப்படியே பொருந்தும் ஊர் இது. காது வெட்டிய பழைய நாய்களை இங்கிருந்து கொண்டுபோன பிறகு, அந்தச் சோற்றுக்கு எந்த நாய் வந்து நிற்கும்? 1964-ல் கேட்ட கேள்விதான். வளர்ப்பவர் மீதான விதியை இங்கே நடத்தாமல் அந்த உத்தரவை மட்டும் நடத்தினால், காலி இடத்தை நிரப்புவது நேற்றுவரை யாரோ வீட்டில் இருந்த ஊசி போடாத நாயாகத்தான் இருக்கும்.

செய்வது கஷ்டமில்லை. பக்கத்திலேயே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வெறிநோய் ஊசி கால்நடை மருந்தகத்திலும் கிடைக்கும். உள்ளாட்சி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டு ஊசி, சிப், உரிமம் மூன்றையும் ஒரே மேசையில் முடித்துக் கொடுக்கலாம். வீட்டுக்காரர்கள் வாடகை ஒப்பந்தத்தோடு நாயின் உரிமத்தையும் ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாயே கூடாது என்று சொல்வதைவிட அது நல்லது, ஏனென்றால் கூடாது என்ற வீட்டிலும் ஒளித்து வளர்க்கத்தான் செய்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் மூன்றைக் கேளுங்கள். மாநில வாரியப் பதிவுச் சான்று எங்கே? குட்டி பிறந்த தேதி என்ன, எட்டு வாரம் முடிந்துவிட்டதா? தாய் நாயைப் பார்க்கலாமா? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் ‘அது வேற ஊர்ல இருக்கு சார்’ என்றுதான் பதில் வரும். அப்படி வந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.